ஜோசப் பசல்ஜெட்

சர் ஜோசப் வில்லியம் பசல்ஜெட் (மார்ச் 28, 1819 – மார்ச் 15, 1891) பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடிசார் பொறியாளர் ஆவார். இலண்டன் மாநகரின் கழிவு முழுவதும் தேம்ஸ் ஆற்றில் கலந்து, அவ்வாறே ஒரு பெருஞ்சாக்கடையாக மாறியிருந்த காலத்தில், நகரின் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை வகுத்து நிறைவேற்றியவர் இவரே. அத்திட்டத்தின் ஒரு பகுதியாக ஆற்றின் சேற்றுக்கரைகளை மூடி இவர் எழுப்பிய விக்டோரியா அணைக்கரை, ஆல்பர்ட் அணைக்கரை, செல்சி அணைக்கரை ஆகியவை சாலைகளும் நடைபாதைகளும் பூங்காக்களும் கொண்ட பொது இடங்களாக இன்றும் உள்ளன. இவருடைய கால்வாய்கள் 150 ஆண்டுகளுக்குப் பின்னரும் பயன்பாட்டில் இருப்பது குறிப்பிடத்தக்கது.

இளமை

பசல்ஜெட் இலண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பிரித்தானிய அரச கடற்படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். பாட்டனார் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த தையற்கலைஞர்; பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்கு உடை தைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். குடும்பப் பெயர் ஆங்கிலப் பெயராக ஒலிக்காததற்குக் காரணம் இதுவே.

இளைஞரான பசல்ஜெட், சர் ஜான் மெக்னீல் என்ற பொறியாளரிடம் பயிற்சி பெற்றார். அப்பயிற்சிக் காலத்தில் அயர்லாந்தின் வடபகுதியில் நிலத்து நீரை வடிக்கும் பணிகளிலும், நீரில் மூழ்கிய நிலத்தை மீட்கும் பணிகளிலும் ஈடுபட்டார். நீரை வடித்தல், நிலத்தை மீட்டல் என்னும் இவ்விரண்டுமே பின்னர் இவருடைய வாழ்நாள் பணியாக அமைந்தன. 1842இல் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1845இல் அயர்லாந்தைச் சேர்ந்த மரியா என்பவரை மணந்தார்.

அப்போது பிரித்தானியாவில் தொடர்வண்டிப் பாதைகள் அமைக்கும் மோகம் உச்சத்தில் இருந்தது. பொறியாளர்கள் இரவு பகலாக வரைபடங்கள் தயாரித்துத் தந்துகொண்டிருந்தனர். பசல்ஜெட் மெலிந்த உடல்வாகு கொண்டவர். இவ்வேலைப் பளுவை அவர் உடல் தாங்கவில்லை. 1847இல் முற்றிலும் நலம் குன்றித் தொழிலை விட்டு விலகி, ஊர்ப்புறத்தில் ஓய்வெடுக்க நேர்ந்தது. மீண்டு வந்தபோது அவர் தேர்ந்தெடுத்தது தொடர்வண்டித் துறையை அன்று, சாக்கடைத் துறையை. 1849இல் இலண்டன் மாநகரச் சாக்கடை ஆணையத்தில் துணை நில அளவையாளராகச் சேர்ந்தார்.

ஆறு சாக்கடையான வரலாறு

பழைய இலண்டனில் வீட்டுக் கழிவு ஆற்றுக்குச் செல்வதில்லை. ஒவ்வொரு வீட்டின் அடியிலும் ஒரு மலக்குழி இருக்கும். அதனை இரவில் அள்ளிச் சென்று சுற்றுப்புற வயல்களுக்கு எருவாக விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். தெருச் சாக்கடைகள் மழைநீர் வடிவதற்காக மட்டுமே ஏற்பட்டவை. 1815இல்தான் வீட்டுக் கழிவையும் அவற்றில் விட அனுமதி கிடைத்தது. நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடங்கள் பெருகியபோது மலக்குழிகள் நீரால் நிரம்பி வழிந்தன. நகரம் விரிந்ததால் வயல்களும் தொலைவுக்குப் போய்விட்டன. எரு விற்பனை இலாபம் தரவில்லை.

இந்நிலையில் 1848இல் சாக்கடை ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. நோய்கள் துர்நாற்றத்தின் வழியே பரவுகின்றன என்பது அன்றைய மருத்துவ உலகின் பொதுவான நம்பிக்கை. ஆகவே மலக்குழிகளை மூடிவிட்டு, எல்லா வீடுகளையும் தெருச் சாக்கடைகளுடன் இணைக்குமாறு ஆணையம் வற்புறுத்தியது. அச்சாக்கடைகள் அனைத்தும் தேம்ஸ் ஆற்றில் முடிந்தன. வீடுகள் தூய்மையாயின, ஆறு கெட்டது. ஆற்றுநீரையே குழாய்களில் ஏற்றி விற்ற குடிநீர் நிறுவனங்களும் இருந்தன என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட இச்சீர்திருத்தமே நோய் பரவ வழிவகுத்தது எனலாம். 1848–49இல் பரவிய காலரா நோய்க்கு இலண்டனில் 14,000க்கும் மேற்பட்டோர் பலியாயினர். 1853–54இல் மேலும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

தேம்ஸ் ஓதம் ஏறி இறங்கும் ஆறு. கடலிலிருந்து ஓதம் ஏறும்போது ஆற்றின் ஓட்டம் மேல்நோக்கித் திரும்பும். எனவே நகரின் நடுவே கொட்டப்பட்ட கழிவு கடலுக்குச் செல்லாமல், நாளுக்கு இருமுறை நகருக்குள்ளேயே முன்னும் பின்னுமாக அலைந்தது. ஓதம் இறங்கியபோது இருகரைகளிலும் அகன்ற சேற்றுத் திட்டுகளில் அது படிந்து வெயிலில் காய்ந்தது. 1855இல் அறிவியலாளர் மைக்கேல் பரடே படகில் சென்று, வெள்ளை அட்டைத் துண்டுகளை நீரில் இட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் ஆழம் செல்லுமுன்பே அவை கண்ணுக்குப் புலப்படாமல் போயின. இதனை அவர் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதமாக எழுதினார்.

காலரா நீரின் வழியே பரவுகிறது என்பதை மருத்துவர் ஜான் ஸ்னோ 1854இல் பிராட் தெரு அடிகுழாய் ஆய்வின் மூலம் எடுத்துக்காட்டியிருந்தார். ஆயினும் அவர் கூற்றைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பசல்ஜெட்டின் திட்டமும் நாற்றத்தை அகற்றும் நோக்கில் வகுக்கப்பட்டதே. காரணம் தவறாயினும் தீர்வு சரியாக அமைந்தது.

தலைமைப் பொறியாளர்

ஆணையத்தின் பொறியாளர் பிராங்க் பார்ஸ்டர் 1852இல் இறந்த பின்னர் அப்பொறுப்பு பசல்ஜெட்டிடம் வந்தது. ஆணையம் பலமுறை கலைக்கப்பட்டு மீண்டும் அமைக்கப்பட்டது; திட்டங்கள் வந்தன, பணம் வரவில்லை. 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநகரப் பணிகள் வாரியம் உருவாக்கப்பட்டது. 1856இல் பசல்ஜெட் அதன் தலைமைப் பொறியாளரானார். புகழ்பெற்ற பொறியாளர் இசம்பார்டு கிங்டம் புரூனல் இவருக்குப் பரிந்துரை வழங்கினார்.

பசல்ஜெட்டின் திட்டம் கருத்தளவில் எளியது. பழைய சாக்கடைகள் எல்லாம் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. அவை ஆற்றை அடையுமுன் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெருங்கால்வாய்களைக் குறுக்கே அமைத்துக் கழிவை இடைமறிக்க வேண்டும். அவ்வாறு திரண்ட கழிவை நகருக்குக் கிழக்கே வெகுதொலைவில், ஓதம் இறங்கும் வேளையில் மட்டும் ஆற்றில் விட வேண்டும். வடகரையில் உயர்மட்டம், இடைமட்டம், தாழ்மட்டம் என மூன்று கால்வாய்கள். அவை சேருமிடம் பெக்டன். தென்கரைக் கால்வாய்கள் கிராஸ்னெஸ் என்னுமிடத்தில் முடியும்.

கழிவு ஆற்றில் சேருமிடம் எது என்பதில் அரசுக்கும் வாரியத்துக்கும் இரண்டாண்டுகள் இழுபறி நீடித்தது. கடலுக்கு இன்னும் அருகே கொண்டுசெல்ல வேண்டும் என்றார் பணித்துறை அமைச்சர் பெஞ்சமின் ஹால். அதற்கான கூடுதல் செலவை யார் ஏற்பது என்பதே உண்மையான வழக்கு.

பெருநாற்றம்

1858ஆம் ஆண்டுக் கோடை மிகக் கடுமையாக இருந்தது. ஆற்றில் நீர் குறைந்து, கரையில் படிந்த கழிவு நொதித்தது. அவ்வாண்டு சூன் மாதத்தில் எழுந்த துர்நாற்றம் வரலாற்றில் பெருநாற்றம் என்றே பெயர் பெற்றது. புதிதாகக் கட்டப்பட்ட நாடாளுமன்றம் ஆற்றங்கரையிலேயே இருந்தது. அதன் சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. உறுப்பினர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அவையை விட்டு வெளியேறினர். வேறு ஊருக்கு நாடாளுமன்றத்தை மாற்றலாமா என்றுகூட ஆலோசிக்கப்பட்டது.

பல்லாயிரம் ஏழைகள் காலராவில் மடிந்தபோது அசையாத அவை, தன் மூக்கு வரை நாற்றம் வந்தபோது விரைந்து செயற்பட்டது. நிதியமைச்சராக இருந்த பெஞ்சமின் டிஸ்ரேலி கொண்டுவந்த சட்டம் 18 நாட்களில் நிறைவேறி, ஆகஸ்ட் 2, 1858 அன்று நடைமுறைக்கு வந்தது. வாரியம் 30 இலட்சம் பவுண் கடன் பெறவும், இலண்டன் வீடுகளின் மீது விதிக்கும் வரியால் அதனை 40 ஆண்டுகளில் அடைக்கவும் வழி செய்யப்பட்டது. கழிவு சேருமிடத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் வாரியத்திடமே விடப்பட்டது. பசல்ஜெட்டின் திட்டம் அப்படியே செயலுக்கு வந்தது.

கால்வாய்கள்

பணிகள் 1859இல் தொடங்கின. 132 கிமீ (82 மைல்) நீளமுள்ள முதன்மைக் கால்வாய்களும், அவற்றுக்குக் கழிவைக் கொண்டுவரும் ஏறத்தாழ 1,800 கிமீ தெருச் சாக்கடைகளும் இத்திட்டத்தில் அடங்கும். இவற்றுக்கு ஏறக்குறைய 31.8 கோடி செங்கற்கள் செலவாயின. நகரில் செங்கல் விலையும் கொத்தர் கூலியும் ஏறின. நகரின் போக்குவரத்து நிற்காமல், வீடுகளுக்கும் கால்வாய்களுக்கும் தொடர்வண்டிப் பாதைகளுக்கும் அடியில் இவ்வளவும் தோண்டப்பட்டன.

கால்வாய்களின் சரிவு பெரும்பாலும் மைலுக்கு இரண்டடி மட்டுமே. கழிவு தேங்காமலும், வேகம் மிகுந்து செங்கற்சுவரை அரிக்காமலும் ஓட இக்கணக்கு போதுமானது. தாழ்மட்டக் கால்வாய்க் கழிவு மட்டும் தானாக ஓடாது. அதனை நீராவி எந்திரங்கள் மேலேற்ற வேண்டும். இதற்காக டெப்ட்போர்டு (1864), கிராஸ்னெஸ் (1865), ஆபி மில்ஸ் (1868), செல்சி (1875) ஆகிய இடங்களில் நீரேற்று நிலையங்கள் கட்டப்பட்டன. ஆபி மில்ஸ், கிராஸ்னெஸ் நிலையங்கள் தேவாலயங்களைப் போல வார்ப்பிரும்பு வேலைப்பாடுகளுடன் அமைந்தவை. சாக்கடை நீரை இறைக்கும் கொட்டகைக்கு இவ்வளவு அழகு எதற்கு என வியப்போர் உண்டு. வாரியத்துக்கோ அது தன் பெருமையை நகரத்தார் கண்ணால் காணத்தக்க ஒரே இடம். மற்றவை யாவும் மண்ணுக்கடியில் இருந்தன.

போர்ட்லண்டு சிமெண்டை இவ்வளவு பெரிய அளவில் பயன்படுத்தியது பசல்ஜெட்டின் துணிச்சலான முடிவு. அது நீருக்கடியில் கெட்டிப்படும். ஆனால் தயாரிப்பில் சிறு பிழை நேர்ந்தாலும் பலமிழக்கும். எனவே வந்த சிமெண்டைத் தொகுதி தொகுதியாக இழுவிசைச் சோதனைக்கு உட்படுத்தினர். உதவிப் பொறியாளர் ஜான் கிராண்ட் இச்சோதனைகளை நடத்தினார். பின்னாளில் கட்டுமானத்துறையில் வழக்கமாகிவிட்ட தரச் சோதனைக்கு இது முன்னோடியாகும்.

மக்கள் தொகைக்குத் தேவையான குழாய் விட்டத்தைக் கணக்கிட்டு, எதிர்பாராததற்காக அதனை இருமடங்காக்கினார் என்று ஒரு கதை பசல்ஜெட்டைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை சுவையானதே, ஆனால் அவருடைய முறை அதைவிடக் கவனமானது. இலண்டனின் மக்கள் தொகை ஏறத்தாழ 25 இலட்சமாக இருந்தபோது, சுமார் 34½ இலட்சம் மக்களுக்கு ஏற்பத் திட்டமிட்டார். ஆளுக்கு இவ்வளவு கழிவுநீர், அதில் பாதி ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அத்துடன் இவ்வளவு மழை என ஒவ்வொன்றையும் கணக்கிலெடுத்தார். அதற்கு மேல் பெருமழை பெய்தால், மிகுநீர் பழைய வழியாக ஆற்றிலேயே வழிந்துவிடும். இந்த வழிவாய்களே பிற்காலத்தில் சிக்கலாயின.

ஏப்ரல் 4, 1865 அன்று வேல்ஸ் இளவரசர் எட்வர்டு கிராஸ்னெஸ் நிலையத்தைத் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டே இலண்டனில் மீண்டும் காலரா வந்தது. இம்முறை அது பெரும்பாலும் நகரின் கிழக்குப் பகுதியில் மட்டுமே பரவி, அங்கு 5,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆபி மில்ஸ் நிலையம் அப்போது முடிவடையாததால், புதிய கால்வாய்களுடன் இணைக்கப்படாமல் எஞ்சியிருந்த பகுதி அதுவேயாகும். அங்கு நீர் வழங்கிய நிறுவனத்தின் நீர்த்தேக்கம் மாசடைந்திருந்ததைப் புள்ளியியலாளர் வில்லியம் பார் எடுத்துக்காட்டினார். அதற்குப்பின் இலண்டனில் காலராக் கொள்ளைநோய் ஏற்படவில்லை.

அணைக்கரைகள்

வடகரைத் தாழ்மட்டக் கால்வாயை எங்கே பதிப்பது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே விக்டோரியா அணைக்கரை. ஆற்றுக்கு இணையாகச் செல்லும் ஸ்ட்ராண்டு, பிளீட் ஆகிய தெருக்களைத் தோண்டினால் நகரின் போக்குவரத்து நின்றுவிடும். எனவே ஆற்றுக்குள்ளேயே சுவர் எழுப்பி, சேற்றுத் திட்டை மூடி, அங்கு கால்வாயைப் பதிக்கலாம் என முடிவாயிற்று. ஆற்றங்கரையைச் சீரமைக்கும் எண்ணம் புதிதன்று. 1666ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னும் அதனை முன்மொழிந்திருந்தார்.

இதற்கான சட்டம் 1862இல் நிறைவேறியது. படகுத்துறை உரிமையாளர்களும் நிலக்கரி வணிகர்களும் எதிர்த்தனர். ஆற்றங்கரையில் மாளிகை வைத்திருந்த பக்ளூ பிரபு, தம் வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடையே பொதுச்சாலை வருவதை விரும்பவில்லை. இதனால் அவர் நகைச்சுவை இதழ்களின் கேலிக்கு ஆளானார். நிலக்கரி, மது ஆகியவற்றின் மீது நகரில் விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து செலவுக்குப் பணம் கிடைத்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் முதல் பிளாக்பிரையர்ஸ் பாலம் வரை ஏறத்தாழ 2 கிமீ நீளத்துக்குக் கருங்கல் முகப்புடன் கூடிய சுவர் எழுந்தது. அதற்குப்பின் 37 ஏக்கர் நிலம் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது. இவ்வணைக்கரையை வெட்டிப் பார்த்தால் அதன் சிறப்பு விளங்கும். சுவரையொட்டி அடியில் தாழ்மட்டக் கால்வாய். அதற்கு மேல் எரிவாயு, குடிநீர்க் குழாய்கள் செல்லும் சுரங்கவழி. நிலத்தை நோக்கிய பக்கத்தில் நிலத்தடித் தொடர்வண்டிப் பாதை. எல்லாவற்றுக்கும் மேலே மரங்கள் நட்ட அகன்ற சாலை. குழாய் பழுதானால் சாலையைத் தோண்ட வேண்டியதில்லை. தொடர்வண்டி நிறுவனத்தின் பணமுடையால் வேலை தாமதப்பட்டு, சூலை 13, 1870 அன்று சாலை திறக்கப்பட்டது.

மீட்கப்பட்ட நிலம் யாருக்கு என்பதில் பெரும் பூசல் எழுந்தது. அதன் ஒரு பகுதி அரசுக்கு உரியது எனக் கூறி, அங்கே அலுவலகங்கள் கட்ட கிளாட்ஸ்டன் அரசு விரும்பியது. மக்கள் வரிப்பணத்தில் மீட்ட நிலம் மக்களுக்கே சேர வேண்டும் என வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினர் டபிள்யூ. எச். ஸ்மித் நாடாளுமன்றத்தில் வாதாடினார். புத்தகக் கடைகளால் பெயர்பெற்ற நிறுவனத்தின் உரிமையாளர் இவரே. இறுதியில் அரசு இணங்கியது. 1870களில் அங்குப் பூங்காக்கள் அமைந்தன. 1626இல் ஆற்றுப் படித்துறையாகக் கட்டப்பட்ட யார்க் நீர்வாயில் இப்போது அப்பூங்காவுக்குள், ஆற்றிலிருந்து 130 மீட்டருக்கும் அப்பால் நிற்கிறது. ஆறு முன்பு எதுவரை வந்தது என்பதை அறிய விரும்புவோர் அதனைக் காணலாம்.

கைப்பிடிச் சுவரின் மீது மீன்கள் சுற்றிய விளக்குத் தூண்களை வாரியத்தின் கட்டடக்கலைஞர் ஜார்ஜ் வல்லியாமி வடிவமைத்தார். 1878இல் இச்சாலையில் மின்விளக்குகள் ஏற்றப்பட்டன. ஆயினும் செலவு கட்டுப்படியாகாமல் சில ஆண்டுகளில் மீண்டும் எரிவாயுவுக்கே திரும்பினர். எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட கிளியோபாட்ரா ஊசி எனப்படும் கற்றூண் அதே ஆண்டில் இங்கு நிறுவப்பட்டது.

தென்கரையில் ஆல்பர்ட் அணைக்கரை 1869இல் முடிவடைந்தது. அங்கு மீட்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியில் புனித தாமஸ் மருத்துவமனை எழுந்தது. செல்சி அணைக்கரை 1874இல் திறக்கப்பட்டது. மூன்றிலுமாக மீட்கப்பட்ட நிலம் 52 ஏக்கர். பசல்ஜெட்டுக்குச் சர் பட்டமும் வழங்கப்பட்டது.

குறைகளும் விபத்தும்

பசல்ஜெட் ஆற்றிலிருந்து கழிவை முற்றிலும் அகற்றவில்லை. அதனைக் கிழக்கே நகர்த்தினார் என்பதே சரியாகும். பெக்டனிலும் கிராஸ்னெஸ்ஸிலும் கழிவு சுத்திகரிக்கப்படாமலேயே ஆற்றில் விடப்பட்டது. அருகிலிருந்த பார்க்கிங் ஊர் மக்கள் 1860களின் இறுதியில் முறையிட்டனர். விசாரணை வாரியத்துக்குச் சாதகமாக முடிந்தது.

செப்டம்பர் 3, 1878 மாலை, சுற்றுலா சென்று திரும்பிய பிரின்சஸ் ஆலிஸ் என்ற நீராவிப் படகு அப்பகுதியில் நிலக்கரிக் கப்பலொன்றுடன் மோதி மூழ்கியது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான் அன்றைய கழிவு ஆற்றில் திறந்துவிடப்பட்டிருந்தது. நீந்தத் தெரிந்தவர்களும் அந்நீரில் மூச்சுத் திணறினர். மீட்கப்பட்டோரில் சிலர் பின்னர் நோயுற்று இறந்தனர். 1882இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் கழிவின் திடப்பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1887 முதல் அக்கசடு கப்பல்களில் ஏற்றிக் கடலில் கொட்டப்பட்டது. முதற் கப்பலுக்குப் பசல்ஜெட்டின் பெயரையே வைத்தனர். இவ்வழக்கம் 1998 வரை நீடித்தது.

பிற பணிகள்

சாரிங் கிராஸ் சாலை, ஷாப்ட்ஸ்பரி நிழற்சாலை, நார்த்தம்பர்லாந்து நிழற்சாலை ஆகியவை இவர் காலத்தில் வாரியத்தால் அமைக்கப்பட்டவை. பட்னி (1886), ஹேமர்ஸ்மித் (1887), பேட்டர்சி (1890) பாலங்களை இவர் வடிவமைத்தார். தனியாரிடமிருந்த பாலங்களை வாரியம் விலைக்கு வாங்கிச் சுங்கத்தை நீக்கியது. பாலமில்லாத கிழக்குப் பகுதியில் ஊல்விச் இலவசப் படகுப் போக்குவரத்து 1889இல் தொடங்கியது. 1883இல் குடிசார் பொறியாளர் கழகத்தின் தலைவராக இவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1888இல் வாரியத்தின் நில விற்பனைகளில் ஊழல் நடந்தது வெளிப்பட்டது. பசல்ஜெட் அதில் தொடர்புடையவர் அல்லர். எனினும் வாரியம் பெயர் கெட்டுக் கலைக்கப்பட்டது. 1889இல் இலண்டன் கவுன்டி மன்றம் பொறுப்பேற்றதும் இவர் ஓய்வு பெற்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் விம்பிள்டனில் காலமானார். அங்குள்ள புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலம்

விக்டோரியா அணைக்கரையின் சுவரில், ஹங்கர்போர்டு பாலத்தருகே, பசல்ஜெட்டின் மார்பளவுச் சிலை உள்ளது. ஆற்றுக்கு விலங்கிட்டவர் எனும் பொருளில் இலத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

இருபதாம் நூற்றாண்டில் நகரம் மேலும் பெருகியதாலும், இரண்டாம் உலகப்போரில் கட்டமைப்புகள் சேதமுற்றதாலும் ஆறு மீண்டும் கெட்டது. 1957இல் இலண்டன் பகுதித் தேம்ஸில் உயிரினம் வாழ இயலாது என அறிவிக்கப்பட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்ட பின்னர் மீன்கள் திரும்பின. ஆயினும் பெருமழையின்போது பசல்ஜெட் அமைத்த வழிவாய்களில் கழிவு ஆற்றில் வழிவது நின்றபாடில்லை. அதனைத் தடுக்க, ஆற்றுக்கடியில் 25 கிமீ நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் கொண்ட தேம்ஸ் டைட்வே சுரங்கம் 2016 முதல் கட்டப்பட்டு, 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. அது பழைய கால்வாய்களுக்கு மாற்றன்று. அவற்றிலிருந்து வழிவதை ஏந்திக்கொள்வது. அப்பணிக்காக ஆற்றுக்குள் புதிதாக எழுப்பப்பட்ட பொது இடங்களுள் பிளாக்பிரையர்ஸ் பாலத்தருகே உள்ளதற்குப் பசல்ஜெட் அணைக்கரை எனப் பெயரிட்டுள்ளனர். பெக்டனுக்குச் செல்லும் வடகரைப் பெருங்கால்வாயின் மேட்டுக்கரையும் கிரீன்வே என்ற பெயரில் நடப்போரும் மிதிவண்டியோட்டிகளும் பயன்படுத்தும் பாதையாக உள்ளது.